கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் நின்றுவிடுகிறதா?

வெள்ளவத்தைக் கடையில் கரண்ட் போய் வந்தாலே உபுண்டு இயங்குதளம் போட்ட கம்ப்யூட்டரில் பிரிண்டர் நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். டிரைவரைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், பிழை பெரும்பாலும் அதில் இல்லை. ரவுட்டர் மறுபடி எழும்பும்போது பிரிண்டருக்கு வேறு ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, கொடுத்துவிடும். உபுண்டுவில் பிரிண்ட் வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் (CUPS) பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். பிரிண்டரின் சின்னத் திரையில் பாருங்கள், ஐபியின் கடைசி எண் மாறியிருக்கும். ரவுட்டரில் ஐபிகளைப் பங்கிடும் டிஎச்சிபி பக்கத்தில், பிரிண்டரின் மேக் முகவரிக்கு (அதன் மாறாத அடையாள எண்) ஒரே ஐபியை ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் அந்தக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் localhost:631 என்று அடித்தால் கப்ஸின் பக்கம் வரும். அங்கே ஒதுக்கிய ஐபியைக் கொடுத்து, பிழை வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் எரர் பாலிசியை 'ரீட்ரை ஜாப்' (வேலையை மறுபடி முயல்வது) ஆக்குங்கள். நின்ற பிரிண்டரை மறுபடி ஓடவிடும் 'ரெஸ்யூம் பிரிண்டர்' அழுத்த முன் தேங்கிக் கிடக்கும் பழைய பிரிண்ட் வேலைகளை அழித்துவிடுங்கள். நான் அழிக்காமல் விட்டு, ஒரே பில் ஏழு தரம் வந்தது.