நுவரெலியா மாநகர சபையில் ஓர் உறுப்பினரின் இடம் வெறுமையானால் இடைத்தேர்தல் வருமா? அதில் எப்படி வாக்களிப்பது? கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் ஒருவர் கேட்டது இது. அவருடைய கண் சரியில்லாத அம்மா ஊரில் தோட்டத்தில் இருக்கிறார், அண்ணன் கட்டாரில்.

வராது. இலங்கையில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை எதிலுமே ஓர் உறுப்பினர் இறந்தாலோ, விலகினாலோ, பதவி பறிபோனாலோ அந்த ஓர் இடத்துக்காக மறுபடி மக்களிடம் வாக்குக் கேட்பதில்லை. மாவட்டத் தேர்தல் அலுவலர் அந்த உறுப்பினரின் கட்சிச் செயலாளரிடம் பெயர் கேட்பார். சுயேச்சைக் குழு என்றால் குழுத் தலைவரிடம் கேட்பார். அவர்கள் கொடுக்கும் பெயர் வர்த்தமானியில் வரும். அதோடு அந்த இடம் நிரம்பிவிடும். வட்டாரத்தில், அதாவது வார்டில், வென்று வந்தவரின் இடமானாலும் இதே கதைதான்.

இந்தக் குழப்பம் நம்மூரில் நிறையப் பேருக்கு இருக்கிறது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளை நாள் முழுக்கப் பார்க்கிறோம். அங்கே ஒரு வார்டு உறுப்பினர் இறந்தாலும் அந்த வார்டுக்கு மட்டும் தேர்தல் வைக்கிறார்கள். இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பது இயல்பு. எல்பிட்டிய பிரதேச சபைக்கு 2019 ஒக்டோபரிலும் 2024 ஒக்டோபரிலும் தனியாகத் தேர்தல் நடந்ததே என்று சிலர் கேட்பார்கள். 2018இல் நாடு முழுக்க நடந்தபோது வழக்கால் அங்கே மட்டும் தேர்தல் தள்ளிப்போனது. அதனால் அந்தச் சபையின் பதவிக்காலம் மற்றவற்றிலிருந்து விலகிவிட்டது. அங்கே தெரிவு செய்தது முழுச் சபையையும்தான்.

ஆகவே கொழும்புக் கடையில் இப்போது லீவு கேட்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய விசயம் இருக்கிறது. அதை விளங்கிக்கொண்டால்தான் அடுத்த தேர்தலில் எப்படி வாக்களிப்பது என்ற உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கும். நான் ஆசிரியர். பல தேர்தல்களில் வாக்கெடுப்பு நிலையக் கடமை செய்திருக்கிறேன். அங்கே கண்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உள்ளூராட்சித் தேர்தல் வாக்குச்சீட்டில் ஆளின் பெயர் இருக்காது. கட்சியின் பெயரும் சின்னமும் இருக்கும், சுயேச்சைக் குழுவின் இலக்கமும் சின்னமும் இருக்கும். வாசலுக்கு வந்து கும்பிட்டு வாக்குக் கேட்ட அண்ணனின் பெயரைத் தேடினால் கிடைக்காது. அவருக்கு வாக்களிப்பதென்றால் அவருடைய சின்னத்துக்கு நேரே புள்ளடி (X குறி) போட வேண்டும். பாராளுமன்றத் தேர்தலில் வேட்பாளரின் இலக்கத்துக்குப் போடுகிற விருப்பு வாக்கு இதில் கிடையாது. ஒரு சீட்டு, ஒரு புள்ளடி.

அந்த ஒரு புள்ளடி இரண்டு இடத்தில் எண்ணப்படுகிறது. முதலில் உங்கள் வட்டாரத்தில். அங்கே கூடிய வாக்கு எடுத்த கட்சியின் வேட்பாளர் வட்டார உறுப்பினர் ஆகிறார். பிறகு சபை முழுவதிலும் அந்தக் கட்சி எடுத்த வாக்குகளோடு உங்கள் வாக்கும் கூட்டப்படுகிறது. சபையின் இடங்களில் 60 வீதம் வட்டாரங்களுக்கு, 40 வீதம் கட்சிகள் கொடுக்கும் பெயர்ப் பட்டியலுக்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 பேர் கொண்ட சபை, 12 வட்டாரம், 8 பட்டியல். ஒரு கட்சி சபை முழுக்க 30 வீத வாக்கு எடுத்தால் அதற்கு 6 இடம் உரியது. வட்டாரங்களில் 4ஐ வென்றிருந்தால் மிச்சம் 2 பேரைப் பட்டியலிலிருந்து அனுப்பும். வட்டாரம் ஒன்றும் வெல்லாவிட்டாலும் 6 பேரையும் பட்டியலிலிருந்தே அனுப்பும். நம் வட்டாரத்தில் தோற்கிற கட்சிக்குப் போட்டு வாக்கை வீணாக்காதே என்று தேர்தல் காலத்தில் வந்து சொல்வார்கள். நம்பாதீர்கள். தோற்ற வட்டாரத்தில் போட்ட வாக்கும் அந்தக் கட்சியின் பட்டியலுக்குச் சேர்கிறது.

இப்போது முதலில் சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். வாக்குச்சீட்டில் கட்சி. பட்டியலைத் தீர்மானிப்பது கட்சி. ஆள் போனால் அடுத்த ஆளை அனுப்புவதும் கட்சி. நான்கு வருடத்துக்கு அந்த இடத்தின் சாவி கட்சிச் செயலாளரின் கையில் இருக்கிறது. அதனால் வேட்பாளர் நல்லவர், நம்ம பிள்ளை, கோயில் கமிட்டியில் முன்னால் நிற்பவர் என்பது மட்டும் போதாது. அவர் இடையில் விலகினால் இந்தக் கட்சி யாரை அனுப்பும்? நம் வட்டாரத்து ஆளையா, வேறெங்கோ இருக்கிற ஒருவரையா? வாக்குக் கேட்டு வரும்போதே இதை நேராகக் கேட்க வேண்டும். நான் கேட்பேன். பதில் சொல்லத் தடுமாறுகிற கட்சிக்கு என் வாக்கு இல்லை.

பெண் உறுப்பினர் விசயத்தில் இதை இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும். 25 வீதம் பெண்கள் என்ற ஏற்பாடு வந்த பிறகு நடந்த முதல் தேர்தல் 2018இல். அதற்கு முன் நாடு முழுக்க உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 வீதமளவில்தான் இருந்தார்கள். அது 20 வீதத்தைத் தாண்டியது. கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள் சபைக்குப் போகும் வழி அப்படித் திறந்தது. பட்டியலில் வந்த ஒரு பெண்ணை ஒரு வருடத்தில் விலகச் சொல்லிவிட்டு இன்னொருவரைப் போடும் பேச்சு உங்கள் கட்சியில் எழுந்தால், கிளைக் கூட்டத்தில் எழுந்து நின்று எதிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி நடைமுறை. முதலில் நீங்கள் எந்தச் சபைக்குள் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். நுவரெலியா மாநகர சபை வேறு, நுவரெலியா பிரதேச சபை வேறு. டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிற தோட்டமாக இருந்தாலும் அது பிரதேச சபைக்குள் இருக்கலாம். ஹட்டன் பக்கமும் இப்படித்தான்: ஹட்டன்-டிக்கோயா நகர சபை ஒரு பக்கம், அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா பிரதேச சபைகள் மறு பக்கம். கடிதம் எழுதுவதற்கும் குப்பை, தண்ணீர், வீதி பற்றி முறையிடுவதற்கும் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். வாக்காளர் அட்டையில் வட்டாரமும் வாக்கெடுப்பு நிலையமும் இருக்கும்.

அந்த அட்டை தபாலில் வரும். வீட்டு இலக்கம் இல்லாத லயங்களுக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) கடிதம் தோட்ட அலுவலகத்தோடு நின்றுவிடுவது நம் பழைய துயரம். அட்டை கைக்கு வரவில்லை என்பதற்காக வீட்டில் இருந்துவிடாதீர்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால், அடையாள ஆவணம் கையில் இருந்தால், அட்டை இல்லாமலே வாக்களிக்கலாம். தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு அல்லது சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை இவற்றில் ஒன்று போதும். எதுவுமே இல்லாதவர் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே படத்தோடு கிராம சேவகரிடம் போய்த் தற்காலிக அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசி நாளில் போய் நின்று திரும்பி வந்த வயதானவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் கேட்காது.

கடந்த தேர்தல் 2025 மே 6, செவ்வாய்க்கிழமை. காலை 7 முதல் மாலை 4 வரை வாக்களிப்பு. வேலை நாள் என்பதால் லீவுப் பிரச்சினை வந்தது. சட்டப்படி வாக்களிக்கப் போக முதலாளி சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும். எழுத்தில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். தூரத்தைப் பொறுத்து தேர்தல் ஆணைக்குழு அறிவிக்கும் கணக்கு இது: 40 கிலோமீற்றருக்குள் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். கொழும்பிலிருந்து ஹட்டன் 100ஐத் தாண்டும், நுவரெலியா 150ஐயும் தாண்டும். உங்களுக்கு இரண்டு நாள் உரியது. கடைக்காரர் தெரியாது என்றால் அறிவித்தலின் பிரதியைக் காட்டுங்கள். தோட்டத்திலும் இதே உரிமைதான். வாக்களிக்கப் போனதற்காக அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போடுவது சட்டத்துக்கு மாறானது. தபால் வாக்கு அரச ஊழியர் போன்ற சில பிரிவினருக்கு மட்டும்தான், தனியார் கடையில் வேலை செய்கிற உங்களுக்கு இல்லை. கட்டாரில் இருக்கும் அண்ணன் அங்கிருந்தே வாக்களிக்கவும் இப்போதைக்கு வழியில்லை.

நிலையத்துக்குள் போனதும் பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள், விரலில் மை பூசுவார்கள், சீட்டைத் தருவார்கள். கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது. புள்ளடி மட்டும் போடுங்கள். பெயர் எழுதுவது, கையெழுத்து வைப்பது, ஆத்திரத்தில் ஒரு வரி எழுதுவது, இரண்டு சின்னத்துக்குப் போடுவது எல்லாம் வாக்கை நிராகரிக்க வைக்கும். எண்ணும் மேசையில் அப்படி ஒதுக்கி வைத்த சீட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும், மழையில் நனைந்து மேடு ஏறி வந்து போட்ட வாக்குகள் அவை. கை தவறி இடம் மாறிப் போட்டுவிட்டால் பெட்டியில் போடாதீர்கள். அந்தச் சீட்டைத் தலைமைதாங்கும் அலுவலரிடம் திருப்பிக் கொடுத்தால் புதிது தருவார். உங்கள் பெயரில் வேறு யாரோ வாக்களித்துவிட்டார்கள் என்று சொன்னால் பேசாமல் திரும்பி வராதீர்கள், அதற்கென்று தனிச் சீட்டுத் தரும் ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது.

அம்மாவுக்குக் கண் சரியில்லை என்றீர்கள். அவரோடு ஒருவர் துணைக்குப் போகலாம். துணை போகிறவர் 18 வயதைத் தாண்டியவராக இருக்க வேண்டும், வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக் கூடாது. அதற்கான சான்றிதழ்ப் படிவத்தைக் கிராம சேவகரிடம் வாங்கி, அரச வைத்தியரிடம் நிரப்பிக்கொண்டு போங்கள். துணைக்கு ஆளில்லை என்றால், அம்மா சொல்லும் சின்னத்துக்குத் தலைமைதாங்கும் அலுவலரே புள்ளடி போட்டுத் தருவார்.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. நம் ஆட்களுக்கு உள்ளூர் வாக்கு லேசில் கிடைத்ததல்ல. 1937இல் கிராமக் குழுச் சட்டத்தைத் திருத்தியபோதே தோட்டத் தொழிலாளரை அந்த வாக்கிலிருந்து வெளியே வைத்தார்கள். 1948இல் குடியுரிமை போனது, அடுத்த வருடம் பாராளுமன்ற வாக்கும் போனது. எங்கள் அம்மாயி பல்லாண்டு காலம் நாடற்றவராகவே கொழுந்து பறித்தார். நாடற்றவர் என்ற நிலையை முடிக்க 2003இலும் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. வாக்கு வந்த பிறகும், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவிட முடியாது என்றார்கள். வாக்களித்தவருக்கே வீதி இல்லை. 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்று தோட்டப் பாதைக்கும் தண்ணீருக்கும் சபையில் நின்று கேட்கலாம், கேட்காத உறுப்பினரைக் கேள்வி கேட்கலாம். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தல் காசில்லை என்று நின்றபோது உறுப்பினரே இல்லாமல் இரண்டு வருடம் அதிகாரிகள் சபைகளை நடத்தினார்கள். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது.

இப்போது நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு. இடம் ஒன்று வெறுமையானால், வாக்களித்த கட்சியின் செயலாளருக்கு வட்டாரத்து ஆட்களின் கையெழுத்தோடு, இங்கே இருக்கிற இன்னாரை அனுப்புங்கள் என்று எழுதலாம். கட்சி அதைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் அந்தக் கடிதத்தின் பிரதியை நீட்டலாம். மற்றது, தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து உங்கள் பெயரும் அம்மாவின் பெயரும் இடாப்பில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இடாப்பு வருடா வருடம் திருத்தப்படுகிறது. கிராம சேவகர் படிவத்தோடு வரும் நேரம் அம்மா மலையில் இருப்பார், நீங்கள் கொழும்பில் இருப்பீர்கள். பக்கத்து லயத்தில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள், படிவத்தை வாங்கி வைக்கட்டும், உங்கள் பெயரையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.