சிறுவர் மாயக் கதையள்ல ஏன் அம்மா அப்பா கூடவே வாறதில்ல?

வளந்து வாற சாகசக் கதை எண்டா, ஒரு புள்ள மாய உலகத்துக்குள்ள போய் ஆபத்தச் சமாளிச்சு கொஞ்சம் பெரிய ஆளாத் திரும்புற கதை. இப்ப மட்டக்களப்பில 1924ல திறந்த கல்லடிப் பழைய பாலத்தடியில, பூரணை இரவுல கேக்குற பாடுமீன் சத்தத்தத் தேடி ஒரு புள்ள வாவிக்குள்ள இறங்குது எண்டு வைங்க, கூடவே அப்பாவும் வந்தா எந்தப் பக்கம் போறதெண்டு அவர்தான் முடிவெடுப்பார், புள்ள பின்னால நிக்கும், கதை அங்கயே நிண்டுரும். மாமா துடுப்ப நம்மட கையில தராத வரைக்கும் தோணி ஓட்ட வராதுதானே, அதே மாதிரித்தான். மாயமும் சும்மா அழகுக்கு இல்ல, உள்ளுக்க இருக்கிற பயத்துக்கு ஒரு உருவம் குடுக்குது, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச விசயம். பெத்தவங்க தேவையில்ல எண்டு சொல்லிக்குடுக்கிற கதையள் எண்டு கனபேர் நினைக்கிறாங்க, அப்பிடி இல்ல, நிறையக் கதையில புள்ள வெளிக்கிடுறதே வீட்டாக்களக் காப்பாத்தத்தான்.