கன்று ஈனும் காலத்தில் நோயாளி வரமாட்டார்

அன்புள்ள தம்பிக்கு,

மருத்துவப் பயிற்சி முடித்து, ஜே-1 விசா விலக்கில் (பயிற்சிக்கு வந்த வெளிநாட்டு டாக்டர்கள் ஊர் திரும்பாமல், டாக்டர் குறைந்த பகுதியில் வேலை பார்க்கும் ஏற்பாடு) மூன்றாண்டுப் பணிக்காக அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குப் பக்கம் வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். "அங்கே உண்மையிலேயே கௌபாய்கள் இருக்கிறார்களா அக்கா, அவர்களோடு எப்படிப் பழகுவது?" என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்கிறார்கள். பதினாறு ஆண்டுகளாக இங்கே ஒரு சிறிய மருத்துவமனையில் அவர்களுக்குத்தான் வைத்தியம் பார்க்கிறேன். துப்பாக்கிச் சண்டையை மறந்துவிட்டு, மாட்டோடும் குளிரோடும் மல்லுக்கட்டும் ஒரு கூலித் தொழிலாளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வரும் இடத்துக்கு சாண்ட்ஹில்ஸ் என்று பெயர். புல் போர்த்திய மணல்மேடுகள். உழுதால் மணல் பறந்துவிடும் என்பதால் மேய்ச்சல்தான் பிழைப்பு. இங்குள்ள செர்ரி கவுண்டி, அதாவது மாவட்டம், ஏறத்தாழ தமிழ்நாட்டில் எட்டில் ஒரு பங்கு பரப்பு. மக்கள் ஆறாயிரம் பேர்கூட இல்லை. மாநிலம் முழுக்க எடுத்துக்கொண்டால் மக்கள் சுமார் 20 லட்சம், மாடுகள் சுமார் 60 லட்சம்.

மாட்டுக்கு உரியவர் பண்ணைக்காரர். அவரிடம் சம்பளத்துக்கு மாடு பார்ப்பவர் கௌபாய். சின்னப் பண்ணைகளில் இரண்டும் ஒருவரே. பெரிய பண்ணைகளில் மாதச் சம்பளம், குடியிருக்க வீடு, ஆண்டுக்கு ஒரு மாட்டின் இறைச்சி என்று பேசிக்கொள்வார்கள். தன் மாடுகள் சிலவற்றை முதலாளியின் மந்தையோடு மேயவிடச் சிலருக்கு அனுமதி உண்டு. மருத்துவக் காப்பீடு பல இடங்களில் கிடையாது. உங்களிடம் அவர்கள் தாமதமாக வருவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் கன்றுகள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஈற்றுக்காலம். தலையீற்றுக் கிடாரிகளை இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். கன்று புரண்டு கிடந்தால் கையை விட்டுத் திருப்பி, முன்னங்கால்களில் சங்கிலி மாட்டி இழுக்க வேண்டும். ஈரத்தோடு விழுந்த கன்று மைனஸ் 20 டிகிரியில் வெகுநேரம் தாங்காது. அதைத் தூக்கி வந்து பிக்கப் வண்டிக்குள் காலடியில் கிடத்தி, ஹீட்டரைக் கூட்டி, துடைத்துவிட்டு, சீம்பாலைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்துவார்கள். பிழைத்த கன்றுகளில் சிலவற்றுக்குக் காதுநுனி உறைந்து உதிர்ந்திருக்கும்.

என் முதல் மார்ச்சில் ஒருவர் மூன்று விலா எலும்புகள் முறிந்து வந்தார். கன்றின் அருகில் போனவரைத் தாய்ப்பசு வேலியோடு வைத்து நசுக்கியிருந்தது. அது நடந்து நான்கு நாளாகியிருந்தது. இரவு தங்கச் சொன்னேன். "இன்னும் நாற்பது கிடாரிகள் ஈன வேண்டும், டாக்டர்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கோபத்தில் கடுமையாகப் பேசிவிட்டேன். நள்ளிரவு முறை அவர் மனைவியுடையது என்பதும், அந்தப் பெண் பகலில் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு வந்துதான் தொழுவத்துக்குப் போகிறார் என்பதும், மாற்றாள் வைக்க அவர்களிடம் காசில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. அன்று பேசியதற்கு இன்றும் வருந்துகிறேன். இப்போதெல்லாம் "எங்கே வலிக்கிறது?" என்பதற்கு முன், "எத்தனை ஈன்றாயிற்று, எத்தனை பாக்கி?" என்று கேட்கிறேன். மறுபரிசோதனைக்கான நாளும் அந்தப் பதிலைப் பொறுத்ததுதான்.

ஆனால் மொத்தம் எத்தனை மாடு, எவ்வளவு நிலம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வங்கியில் எவ்வளவு பணம் என்று கேட்பதற்குச் சமம் அது.

கட்டைவிரல் இல்லாத கைகளைப் பார்ப்பீர்கள். சுருக்குக் கயிற்றை மாட்டின் மேல் வீசியதும் மறுநுனியைச் சேணத்தின் கொம்பில் சுற்றுவார்கள். இதற்கு இங்கே 'டாலி' என்று பெயர். மாடு இழுக்கும் வேகத்தில் விரல் கயிற்றுக்குள் சிக்கினால் துண்டாகிவிடும். டாலி, லாரியட் (சுருக்குக் கயிறு), பக்கரூ (கௌபாய்) எல்லாமே ஸ்பானியச் சொற்களிலிருந்து பிறந்தவை. இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்கள் மெக்சிகோவின் வக்கேரோக்கள், அதாவது அந்நாட்டு மாடு மேய்ப்பவர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் டெக்சஸ் மாடுகளை வடக்கே ரயிலடிக்கு ஓட்டிச் சென்றவர்களில் அவர்களும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் ஏராளம். மாதம் 30, 40 டாலர் கூலி. 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பியும் 1886-87 குளிர்காலத்து மாட்டுச் சாவும் அந்தத் திறந்தவெளி வாழ்க்கையை ஒரு தலைமுறைக்குள் முடித்துவிட்டன. சினிமாப் படங்களில் வக்கேரோக்களையும் கறுப்பினக் கௌபாய்களையும் எத்தனை குறைவாகக் காட்டினார்கள் என்பது எனக்கு ஆறாத மனக்குறை.

இப்போது குதிரையோடு வேலி இடுக்கியும் பிக்கப்பும் சேர்ந்துகொண்டன. கோடையில் தீவனப் புல் அறுப்பு, காற்றாலைத் தண்ணீர்த் தொட்டி, அறுந்த வேலி. அக்டோபர் வாக்கில் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து ஏலத்துக்கு அனுப்புவார்கள். அவை கடைசியில் போய்ச் சேருவது தீவனப் பட்டிகளுக்கு. அங்கேயும் குதிரையேறிப் பட்டி பட்டியாகச் சுற்றி, நுரையீரல் நோய் கண்ட மாடுகளைப் பிரித்தெடுக்கும் கௌபாய்கள் உண்டு. அதற்குப் பின் இறைச்சித் தொழிற்சாலை. பட்டியில் கொழுக்க வைத்த மாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் நான்கே நிறுவனங்கள் வாங்குகின்றன. விலை பேசும் பலம் யார் கையில் என்று பண்ணைக்காரர்கள் குமுறுவது நியாயமென்றே எனக்குப் படுகிறது. வறட்சியால் மந்தைகள் சுருங்கி, 2024 ஜனவரியில் நாட்டின் மொத்த மாடுகள் 8.72 கோடியாகிவிட்டன, 1951க்குப் பின் அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை. கன்று விலை ஏறிவிட்டது. ஆனால் சம்பளத்துக்கு இருப்பவரின் கைக்கு அந்த ஏற்றம் அதேபோல வந்து சேருவதில்லை.

மே மாதத்தில் யாராவது உங்களைச் சூடு போடும் நாளுக்கு அழைப்பார்கள். அவசியம் போங்கள். அக்கம்பக்கத்துப் பண்ணைகள் கூலியில்லாமல் கூடிச் செய்யும் வேலை அது. இன்று இவருக்கு, நாளை அவருக்கு. குதிரைமேல் இருப்பவர் கன்றின் பின்னங்கால்களில் கயிறு போட்டு இழுத்து வர, இருவர் அமுக்கிப் பிடிக்க, முத்திரை, தடுப்பூசி, காயடிப்பு எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மதியம் பெரிய சாப்பாடு. மாட்டிறைச்சி சாப்பிடமாட்டீர்கள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். என்னை இதுவரை ஒருவரும் வற்புறுத்தியதில்லை. போகும் வழியில் எந்தக் கேட்டைத் திறந்தாலும் இருந்தபடியே விட்டுச் செல்லுங்கள். டாக்டர் என்பதால் ஊசித் துப்பாக்கியை உங்கள் கையில்தான் கொடுப்பார்கள். கழுத்தில், தோலைக் கிள்ளித் தூக்கி, அதன் அடியில் போட வேண்டும். புழுதி கண்ணை மறைக்கும். உங்கள் இடது கை விரல்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா