விருந்தாளிக்கு அட்டவணை எதற்கு?

அன்புள்ள ஐயா,

கடலோரத்துக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது. கல்லூரி நாளிலிருந்து கூடவே இருக்கும் நண்பன், கடல் பக்கம் அதிகம் வராதவன், மூன்று நாள் தங்க வருகிறான். மூன்று நாளும் காலை ஆறு மணிக்கு ஈரமணலில் நடை, பிறகு குளியல், படகு, கலங்கரை விளக்கம் என்று அட்டவணை போட்டு இணைத்திருக்கிறேன். ஏதாவது விட்டுப்போயிற்றா? வீடு சிறியது என்பதும் உறுத்துகிறது.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வீடு சிறியது என்பதை விடுங்கள். நண்பன் சுவரை அளக்க வரவில்லை. படகும் கலங்கரை விளக்கமும் உங்கள் விருப்பம்.

அட்டவணையைப் பார்த்துத்தான் கோபம் வந்தது. ஓராண்டாக அங்கே இருக்கிறீர்கள், மூன்று நாளும் ஆறு மணிக்கு ஈரமணல் என்று எழுதுகிறீர்களே! ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், உங்கள் கடிகாரத்தைப் பார்த்து நடப்பதில்லை. நிலவோடு சேர்ந்து அதுவும் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. முதல் நாள் ஆறு மணிக்கு நீர் வற்றி மணல் அகன்று கிடந்தால், மூன்றாம் நாள் அதைப் பார்க்க ஏழரை தாண்டிவிடும்.

விருந்தாளிக்கு அட்டவணை போடுவது பற்றிச் சில நாட்களாக நானே நினைத்துக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் என் நண்பன் ஒருவன் இரண்டு நாள் தங்க வந்தான். விடியுமுன் எழுப்பினேன், வெயிலில் நடக்க வைத்தேன், கண்ணில் பட்டதற்கெல்லாம் விளக்கம் சொன்னேன். இரண்டாம் நாள் சாயங்காலம் கொல்லைப் படியில் உட்கார்ந்தோம். பகலெல்லாம் கடலிலிருந்து வீசும் காற்று, கரை சூடு ஆறத் தொடங்கியதும் தளர்ந்துவிடும். இரவில் கரையிலிருந்து கடலுக்கு வீசும். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் இலை அசையாது. அந்த நேரம். செருப்பைக் கழற்றி, வாரின் மடிப்பில் அப்பியிருந்த மணலை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா" என்றான்.

நான் எழுந்துவிட்டேன். "வா வா, இன்னைக்குப் பௌர்ணமி. கடல்ல நிலா எழும்புறதைப் பாக்கணும்."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்தான். நிலாவைப் பார்த்தான். நல்லா இருக்கு என்றான். மறுநாள் ஊருக்குப் போய்விட்டான்.

ஏழு மாதம் கழித்து, அவனும் மனைவியும் பிரிந்துவிட்டதாக வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறான். நான் அவனுக்கு நிலாவைக் காட்டினேன்.

நேருக்கு நேர் உட்கார்ந்து சொல்ல முடியாததை, பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் ஒரே திக்கைப் பார்த்தபடி சொல்லிவிடலாம். கடற்கரை அதற்கு வாகான இடம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு பாதியில் நின்றாலும் அலைச்சத்தம் இருக்கிறது. உங்கள் அட்டவணையில் அதற்கு ஒரு கால்மணி நேரம் உண்டா? தேடிப் பார்த்தேன், இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கும் குளியலுக்கும் நடுவில்கூட "புகைப்படம்" என்று போட்டிருக்கிறீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் உங்கள் நண்பனை அதட்டலாம். அலை உடையாமல் சாதுவாகத் தெரியும் இடத்தில்தான் கடலுக்குப் புதியவர்கள் இறங்குவார்கள். கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பி ஓடும் இழுப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் கொண்டுபோய்விடும். அகப்பட்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது. கரைக்கு இணையாக நீந்தி இழுப்பை விட்டு விலகிய பிறகுதான் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையசைக்க வேண்டும். இதை வீட்டு வாசலிலேயே சொல்லிவிடுங்கள், தண்ணீரைக் கண்டபின் யார் காதிலும் ஏறாது. உயிர்காப்பாளர் இல்லாத இடத்தில் இறங்கவே விடாதீர்கள்.

மூன்று நாளும் விடுப்பு எடுத்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எடுக்கவில்லை என்றால் இன்றே எழுதிக் கொடுங்கள்.

என் நண்பன் போன வாரம் ஃபோன் செய்தான். அடுத்த மாதம் வருகிறானாம். கொல்லைப் படியை நேற்று கழுவிவிட்டேன்.