குனிந்து குறிபார்க்கும்போது மட்டும் பந்து மங்குகிறதா?

வணக்கம். புரோகிரசிவ் கண்ணாடியுடன் (மேலே தூரத்திற்கும் கீழே கிட்டத்திற்கும் எனப் பவர் படிப்படியாக மாறும் கண்ணாடி) பூல் எனும் மேசைப் பந்தாட்டம் ஆடும்போது, பந்தை அடிக்கும் கோலான கியூவின் மேல் குனிந்ததும் பந்து மங்குவதாகவும் ஃபிரேமின் மேல்விளிம்பு பார்வையை மறைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். குனிந்த நிலையில் கண்கள் மேல்நோக்கித் திரும்பி, தூரப் பார்வைக்கான மேற்பகுதியின் விளிம்பு வழியாகச் சாய்வாகப் பார்ப்பதே இதற்குக் காரணமாக இருக்கக்கூடும். ஆகவே, ஆட்டத்திற்கென்றே ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள்.

9 அடி மேசையின் ஆடுபரப்பு 2.54 மீட்டர் நீளம்தான் என்பதால், ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவுக்குப் பவரைக் கணித்துத் தரும்படி கண் பரிசோதகரிடம் கேளுங்கள். அதைவிட முக்கியமானது, லென்ஸின் ஒளியியல் மையம் (பார்வை மிகத் தெளிவாக இருக்கும் புள்ளி) எங்கே அமைகிறது என்பது: புருவத்திற்கு மேலே எழும் உயரமான ஃபிரேமை அணிந்து, கடையிலேயே ஆடுவதுபோல் குனிந்து, தாடையைக் கியூ இருக்கும் உயரத்திற்குத் தாழ்த்தி, அந்த நிலையில் கண்மணி நிற்கும் புள்ளியை லென்ஸில் குறிக்கச் சொல்லுங்கள். 1985ஆம் ஆண்டு உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்ற டென்னிஸ் டெய்லர், தலைகீழாக மாட்டியதுபோல் தோன்றிய பெரிய கண்ணாடியுடன் ஆடியதும் இதே தேவைக்காகத்தான். மேசை விளக்கின் பிரதிபலிப்பைக் குறைக்க ஆன்டி-கிளேர் பூச்சு போதும். நிறமேற்றிய லென்ஸ் வேண்டாம்.