பைக்கில் போல்ட் மாற்றும்போது: கேள்வி பதில்

கேள்வி: இன்ஜின் கவர் போல்ட் எல்லாம் துருப்பிடித்துவிட்டது. ஸ்டெயின்லெஸ் போல்ட் செட் வாங்கி, பிரேக் காலிப்பருக்கும் சேர்த்துப் போட்டுவிடலாமா அண்ணா?

பதில்: கவருக்குப் போடுங்கள், காலிப்பருக்கு வேண்டாம். தலையில் ஏ2-70 என்று பொறித்த ஸ்டெயின்லெஸ் போல்ட், சுமார் 450 மெகாபாஸ்கல் இழுவிசையிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். 8.8 கிரேடு ஸ்டீல் 640 வரை தாங்கும், 10.9 என்றால் 900. காலிப்பர், டிஸ்க், ஆக்சில், ஹேண்டில் கிளாம்ப் ஆகியவற்றுக்குக் கம்பெனி போல்ட்டே போடுங்கள். கிடைக்காவிட்டால் அதே கிரேடு, அதே நீளம்.

கவரிலும் ஒரு சிக்கல் உண்டு. அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் இருந்து ஈரமும் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான். வெள்ளைப் பொடி பூத்து போல்ட் அப்படியே பிடித்துக்கொள்ளும். மரையில் ஆன்டி-சீஸ் (போல்ட் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் மசகு) மெல்லியதாகத் தடவிப் போடுங்கள்.

கேள்வி: ஆன்டி-சீஸ் தடவிய பிறகும் மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவுதானா?

பதில்: இல்லை. மேனுவலில் எண்ணெய் தடவச் சொல்லியிருந்தால் ஒழிய, அந்த அளவு சுத்தமான உலர்ந்த மரைக்கானது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகவே போய்விடுகிறது. மிச்சம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிமானம் தருகிறது. வழுக்கல் கூடினால் அந்த மிச்சம் பெருகும், அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மீறி நீளும். 20 முதல் 30 சதவீதம் குறையுங்கள். 10 நியூட்டன்-மீட்டர் என்றால் 7, 8 போதும்.

கேள்வி: அப்படியானால் எல்லா இடத்துக்கும் 12.9 கிரேடு போட்டால் கவலையில்லையே?

பதில்: அலுமினிய ஓட்டையில் 12.9 போட்டு என்ன பயன்? முதலில் பிய்வது ஓட்டையின் மரைதான். அவ்வளவு கடினமான ஸ்டீல் வளைவதற்கு முன் முறியவும் கூடும். அதிலும் மின்முலாமாகத் துத்தநாகம் பூசியது என்றால், முலாமிடும்போது உள்ளே புகும் ஹைட்ரஜனால் சில நாள் கழித்துத் தானாகவே முறியும் அபாயம் உண்டு.

கேள்வி: புது எம்10 (10 மில்லிமீட்டர் விட்டம்) போல்ட் கையால் இரண்டு சுற்று போகிறது, அப்புறம் இறுகுகிறது. ஸ்பேனர் போடலாமா?

பதில்: நிறுத்துங்கள்! ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எம்10 போல்ட்டின் பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) 1.5 மில்லிமீட்டர். பைக்குகளில் பெரும்பாலும் 1.25. பிட்ச் கேஜ் இல்லையென்றால் பழைய போல்ட்டையும் புதியதையும் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் பிட்ச் வேறு.

நீளத்தையும் பாருங்கள். தலைக்குக் கீழிருந்து அளக்க வேண்டும். அடி மூடிய ஓட்டையில் நீளமான போல்ட் போட்டால் நுனி அடியில் முட்டிவிடும். குறித்த டார்க் வந்துவிட்டதாக டார்க் ரெஞ்ச் 'கிளிக்' சொல்லும், கவர் இறுகியிருக்காது. அந்த ஓட்டையில் எண்ணெய் தேங்கியிருந்தால் கேஸிங்கிலேயே விரிசல் விழலாம். குட்டையானதும் ஆகாது: அலுமினியத்தில் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது மரை இறங்க வேண்டும், எம்6-க்கு 9 மில்லிமீட்டர்.

கேள்வி: டார்க் ரெஞ்ச் ஒன்றுதான் வாங்க முடியும். எது?

பதில்: 5 முதல் 25 நியூட்டன்-மீட்டர் உள்ள சிறியது. மரை போவது பெரும்பாலும் எம்6-இல்தான். பெரிய ரெஞ்சின் அளவுகோலில் கீழ் ஐந்தில் ஒரு பங்கை நம்ப முடியாது. மெதுவாக இழுங்கள், ஒரு கிளிக்கோடு விடுங்கள். கழற்றுவதற்கு அதை எடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வையுங்கள்.

மேனுவல் கையில் இல்லையென்றால், 8.8 போல்ட்டுக்குத் தோராயமாக எம்6: 10, எம்8: 25, எம்10: 45 நியூட்டன்-மீட்டர். பழைய மேனுவலில் கிலோகிராம்-மீட்டர் இருந்தால் 9.8-ஆல் பெருக்குங்கள்.

கேள்வி: த்ரெட் லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் திரவப் பசை) நீலமா, சிவப்பா?

பதில்: நீலம். சிவப்பு போட்டால் கழற்ற ஏறத்தாழ 250 டிகிரி சூடு காட்ட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டு ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் படக்கூடாது, விரிசல் விடும்.

கேள்வி: கவர் போல்ட் ஒன்று இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பதில்: மரை போய்விட்டது. ஒரு அளவு பெரிய போல்ட்டை அடித்து ஏற்றாதீர்கள். எம்6 ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாகச் செருகும் கம்பிச் சுருள்) செட் வாங்கி, 6.3 மில்லிமீட்டர் டிரில், அதோடு வரும் டேப் (மரை வெட்டும் கருவி), பிறகு காயில் என்ற வரிசையில் செய்யுங்கள். டிரில் பிட்டில் கிரீஸ் பூசினால் துகள் இன்ஜினுக்குள் விழாமல் ஒட்டிக்கொள்ளும். காயில் மேல்மட்டத்துக்குக் கால் சுற்று கீழே இறங்கியதும் அடியில் உள்ள கொக்கியை முறித்து, மறக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள்.