கணவருக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 32. பெருந்துறை பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. விந்தைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. மூன்று முறை செய்தும் கரு நிற்கவில்லை. தை மாதம் ஐ.வி.எஃப். (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி உள்ளே வைப்பது) ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள் படித்துத் தெரிந்துகொள்ள ஆசை. தங்கை ஓர் ஆங்கிலப் புத்தகம் கொடுத்தாள். முட்டையின் தரம் கூடுவதற்கு என்று அதில் ஒன்பது மாத்திரைகள் போட்டிருக்கிறது. பாதி புரியவில்லை, புரிந்த பாதி பயமாக இருக்கிறது. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் அயர்னிங் வேலை பார்க்கிறார். "டாக்டர் சொல்றதைக் கேட்டாப் போதும், படிச்சு என்ன பண்ணப்போறே?" என்கிறார். எந்த மாதிரிப் புத்தகம் படிக்கலாம்?

பதில்: அம்மணி, தாராளமாகப் படியுங்கள். ஓ.பி.யில் ஒரு ஜோடிக்கு எங்களால் பத்து, பதினைந்து நிமிடம்தான் ஒதுக்க முடிகிறது. கேட்க நினைத்ததெல்லாம் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உங்களுக்கு ஞாபகம் வரும். கொஞ்சம் படித்துவிட்டு வருகிறவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறார்கள்.

ஈரோட்டில் ஆகஸ்ட் மாதப் புத்தகத் திருவிழாவிலோ கோவை கொடிசியாவிலோ போய் நின்றால், குழந்தைப்பேறு பற்றி மேசை மேசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். எதை எடுத்தாலும் முதலில் பொருளடக்கத்தைப் பாருங்கள். ஆணைப் பற்றி ஓர் அத்தியாயமாவது இருக்கிறதா? இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். குழந்தை தள்ளிப்போகும் ஜோடிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஏதாவது காரணம் இருக்கிறது. ஆனால் "விசேஷம் உண்டா?" என்று ஊர் கேட்பது உங்களைத்தான், மாத்திரை விழுங்குவதும் நீங்கள்தான். புத்தகமும் அதையே செய்தால் எனக்கு மனசு பொறுக்காது.

உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். விந்தணு உருவாகி முதிர்வதற்கு இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். விதைப்பைக்கு உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான சூடு வேண்டும், அதனால்தான் அது உடம்புக்கு வெளியே இருக்கிறது. நாள் முழுக்க ஸ்டீம் அயர்ன் டேபிள் முன்னால் நிற்பவருக்கு அணுக்கள் குறைய வாய்ப்பு உண்டு. அவருக்குக் குறைந்திருக்கிறதா என்பதை விந்துப் பரிசோதனைதான் சொல்லும். பழைய ரிப்போர்ட் இருந்தாலும் மறுபடி ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள். குறைவு என்று வந்தால் மூன்று மாதத்துக்குச் செக்கிங், பேக்கிங் பக்கம் மாற்றிக் கேட்கலாம். பீடி, சிகரெட், புகையிலை, குடி எதுவானாலும் இன்றைக்கே நிறுத்தட்டும். தையில் எடுக்கப்போகும் அணு ஐப்பசியிலேயே உருவாக ஆரம்பித்துவிடும். "படிச்சு என்ன பண்ணப்போறே?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். இந்த ஒரு அத்தியாயத்தை அவரையே சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது, புத்தகம் வந்த வருடம். 15 வருடத்துக்கு முந்தைய புத்தகம் என்றால், கரு உருவான சில நாளிலேயே கர்ப்பப்பையில் வைப்பதைத்தான் பெரும்பாலும் விவரிக்கும். இப்போது நொடியில் உறையவைக்கும் முறை பரவலாகிவிட்டதால், பலருக்குக் கருவை உறையவைத்துப் பிறகு வேறொரு மாதம் வைக்கிறோம். முட்டை வளரப் போடும் ஊசியால் முட்டைப்பை அளவுக்கு மீறி வீங்கும் ஆபத்தும் இதனால் குறைகிறது. பழைய புத்தகத்தைப் படித்தவர்கள் "என்னவோ தப்பு நடந்துவிட்டது, அதனால்தான் தள்ளிப்போடுகிறார்கள்" என்று அழுவதைப் பார்த்திருக்கிறேன். சட்டமும் மாறியிருக்கிறது. 2021-ல் வந்த சட்டப்படி சிகிச்சை மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், மனைவிக்கு 50, கணவருக்கு 55 என்று வயது வரம்பும் உண்டு. பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

அப்புறம் அந்த ஒன்பது மாத்திரைகள். அதில் ஃபோலிக் ஆசிட் இருந்தால் அது மட்டும் எல்லோருக்கும் உறுதியாகத் தேவை. தினமும் 400 மைக்ரோகிராம், கரு உருவாவதற்கு முன்பிருந்தே. குழந்தையின் மூளை, தண்டுவடம் சரியாக உருவாக அது உதவுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அளவு கூடும், டாக்டரைக் கேளுங்கள். டி.எச்.இ.ஏ. என்று ஒன்று இருந்தால் அது ஹார்மோன், சத்து மாத்திரை என்று நினைத்து நீங்களாக வாங்காதீர்கள். வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவுக்கே கெடுதல். மற்றவற்றுக்குப் பலன் இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் திடமாக இல்லை. பட்டியலை அப்படியே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனை பற்றி எழுதியிருக்கும் பக்கத்தில் பயந்துவிடாதீர்கள். அந்த எண் ஊசிக்கு எத்தனை முட்டை வரலாம் என்பதைத்தான் காட்டும். முட்டை நல்லதா இல்லையா என்று அது சொல்லாது. எதையாவது மூன்று முறை படிக்க வேண்டுமென்றால் டிரிகர் ஊசி, அதாவது முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசி பற்றிய பக்கத்தைப் படியுங்கள். அதைப் போட்ட 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்போம். ராத்திரி பத்தரை என்று சொன்னால் பத்தரைதான். மொபைலில் இருவரும் அலாரம் வையுங்கள்.

வெற்றி விகிதம் என்று போட்டிருந்தால், எதில் எத்தனை என்று பாருங்கள். கரு வைத்தவர்களில் டெஸ்ட் பாசிட்டிவ் ஆனவர்கள் ஒரு கணக்கு. ஊசி ஆரம்பித்தவர்களில் குழந்தையோடு வீட்டுக்குப் போனவர்கள் இன்னொரு கணக்கு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

கதை படிக்கிறவரா நீங்கள்? பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நம் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கதை. குழந்தையில்லாத பொன்னாவும் காளியும் வார்த்தைகளால் படும் அடியை அவ்வளவு உண்மையாக எழுதியிருக்கிறார். ஆனால் ஊசி போடும் நாட்களில் அதைத் தொடாதீர்கள், மனசைப் பிசைந்துவிடும்.

கரு வைத்ததிலிருந்து ரத்தப் பரிசோதனை வரை ஏறக்குறைய இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அப்போது மருத்துவப் புத்தகத்தைத் தங்கையிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படுத்தே கிடக்க வேண்டியதில்லை, கிடப்பதால் கரு கூடுதலாகத் தங்குவதும் இல்லை. வழக்கம்போல நடந்து, சமைத்து, கொடுத்த மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொண்டு, மதியம் திண்ணையில் உட்கார்ந்து உங்களுக்குப் பிடித்தது எதுவோ அதைப் படியுங்கள்.